ஓ.டி.பி. அப்பாவுக்குப் போகும்

2022 ஜூன் மாதம், ஒரு திங்கட்கிழமை பகல் பன்னிரண்டு மணிவாக்கில் என் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் விவாகரத்து ஆனது. அம்மாவுக்கு அப்போது வயது 61. கல்யாணமாகி 38 வருஷம். அன்று ராத்திரியே நான் எக்செல்லில் ஒரு தாள் திறந்து, ‘அம்மா – சென்னை’ என்று பெயர் வைத்து, செய்ய வேண்டியவை என்று 43 வரி போட்டேன். மென்பொருள் கம்பெனியில் ப்ராஜெக்ட் மேனேஜராக இருப்பவன் துக்கம் காக்கும் முறை இதுதான். இரண்டு வருஷம் கழித்து அந்தத் தாளைத் திறந்து பார்த்தேன். உருப்படியாக முடிந்திருந்தவை இரண்டு: சீலிங் ஃபேன் மாட்டியது, வாசலுக்கு மிதியடி வாங்கியது. மிதியடியையும் அம்மா மாற்றிவிட்டிருந்தாள்.

இதை அவளிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன். “உன் அசட்டுத்தனத்தை நீ எழுதுற, எனக்கென்ன” என்பது கிடைத்த அனுமதி.

இந்த வயசில் எதற்கு என்று ஊரே கேட்டது. நானும் கேட்டேன். அப்பா குடிக்க மாட்டார். கை நீட்டியதில்லை. மயிலாடுதுறையில் வங்கிக் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சம்பளத்தை எண்ணிக் கொடுப்பார், செலவை எண்ணிக் கேட்பார். இரண்டுக்கும் நடுவில் பேச மாட்டார். “என்னம்மா குறை?” என்றேன். “குறைன்னு சொல்ல ஒண்ணும் இல்லடா. வேற என்ன இருக்குன்னு நீதான் சொல்லேன்” என்றாள். யோசித்துப் பார்த்து, “பென்ஷன் வருது” என்றேன். அது என் முதல் தோல்வி. எக்செல் திறப்பதற்கு முன்பே நடந்துவிட்டதால் கணக்கில் சேராது.

எங்களோடு வந்து இரு என்றதற்கு அவள் ஒப்பவில்லை. “ஒரு வீட்டுலேர்ந்து கிளம்பி இன்னொரு வீட்டுல ஒண்டுறதுக்கா கோர்ட்டு வாசல்ல நின்னேன்?” அதனால் மேடவாக்கத்தில் என் வீட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டரில், 64 வீடுகள் கொண்ட குடியிருப்பில், மூன்றாம் மாடியில் ஒரு படுக்கையறை வீடு. 303. வாடகை நான். முற்றமும் கொல்லையும் கிணறும் உள்ள வீட்டில் இருந்தவளை 500 சதுர அடிக்குள் பக்குவமாக இறக்கிவைப்பது என் பொறுப்பு என்று நானே நியமித்துக்கொண்டேன்.

ஊரிலிருந்து என்னென்ன எடுத்து வருவது என்பது நான்காவது வரி. கொல்லையில் கிடக்கும் அம்மியைக் கேட்பாள், அழுவாள் என்று முடிவு செய்து, பதிலைத் தயாராக வைத்திருந்தேன்: டைல்ஸ் தரை, கீழ் வீட்டுக்காரர், எடை, லிஃப்ட். போன அன்று அவள் அம்மி இருந்த பக்கம் திரும்பக்கூட இல்லை. தயாரித்த பேச்சு வீணாகிறதே என்று பொறுக்க மாட்டாமல், “அம்மி வேணாமாம்மா?” என்று நானே கேட்டேன்.

“அதுமேல கால வச்சுத்தாண்டா அருந்ததி பார்த்தேன். பகல் பதினோரு மணிக்கு. அன்னைக்கும் ஒண்ணும் தெரியல. கெடக்கட்டும் அங்கேயே.”

அவள் கேட்டது ஒரே ஒரு கறிவேப்பிலைக் கன்று. அதைக் கார் டிக்கியில் வைத்து, ஜூன் வெயிலில் ஆறு மணி நேரம் ஓட்டிக்கொண்டு வந்தேன். மேடவாக்கத்தில் திறந்தபோது கறிவேப்பிலைப் பொடிக்கு வறுக்கவே வேண்டாம், இடித்தால் போதும் என்கிற பதத்தில் இருந்தது.

முதல் வாரம் துவரம்பருப்பு வேகவில்லை. ஏழு விசில் வைத்தும் பருப்பு தனி, தண்ணீர் தனி. நான் குக்கரைச் சந்தேகப்பட்டுப் புதுக் குக்கர் வாங்கினேன். அதிலும் வேகாததால் பருப்பைச் சந்தேகப்பட்டு மூன்று கடை மாற்றினேன். நான்காவதாக அம்மாவைச் சந்தேகப்பட்டேன். மனசு சரியில்லை, பதம் தவறுகிறது என்று மனைவியிடம் மெல்லிய குரலில் சொன்னேன். லிஃப்டில் பார்த்த 304 வீட்டு ஆன்ட்டி, “பருப்புக்கு மட்டும் கேன் தண்ணி ஊத்துங்க” என்று சொல்லிவிட்டு இரண்டாம் மாடியில் இறங்கிப் போனார். அன்று மூன்று விசிலில் மசிந்தது. எங்கள் தொட்டியில் போர் தண்ணீரும் 12,000 லிட்டர் லாரித் தண்ணீரும் கலந்து கிடக்கும். கால்சியமும் மக்னீசியமும் ஏறிய கடினநீரில் பருப்பு லேசில் வேகாது. காவிரித் தண்ணீரிலேயே சமைத்த அம்மாவுக்கு இது தெரியாமல் இருக்கலாம். கடின நீர், மென்னீர் வேறுபடுத்துக என்ற கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவன் நான்.

ஸ்டிக்கர் கோலம் வாங்கிப் போய் ஒட்டியது, அதை அவள் சுரண்டி எடுக்க ஒரு பகல் முழுக்க ஆனது, இதையெல்லாம் விரித்துச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பெயர்ப்பலகையைச் சொல்லியே ஆக வேண்டும். ஆச்சரியப்படுத்துவதாக நினைத்து, மரத்தில் எழுத்து பதித்து ஒன்று செய்து வந்து மாட்டினேன். அம்மாவின் பெயர், முன்னால் இத்தனை வருஷமாக இருந்த இனிஷியல். அதாவது அப்பா. கதவில் திருகாணி முடுக்கி முடிக்கும்வரை எனக்கு உறைக்கவில்லை. அம்மா பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த தடவை போனபோது இனிஷியல் இருந்த இடத்தில் பெரிதாக ஒரு மெரூன் ஸ்டிக்கர் பொட்டு. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. உதிர்ந்தால் புதுசு ஒட்டிவிடுகிறாள்.

இனி முக்கியமான விஷயம். கோர்ட் இரண்டு பேரையும் பிரித்துவிட்டது. ஓ.டி.பி. பிரிக்கவில்லை.

அம்மாவுக்குத் தனி கைபேசியே நாலைந்து வருஷம் முன்பு வந்ததுதான். அதற்கு முன்பு எந்தப் படிவத்தில் எண் கேட்டாலும் அப்பாவின் எண். ஆதாரில் அது. ரேஷன் கார்டில் அது. கூட்டுக் கணக்கில் அது. ஆதாரில் முகவரி மாற்ற உட்கார்ந்தேன், ஓ.டி.பி. மயிலாடுதுறைக்குப் போனது. ரேஷன் கார்டில் பெயர் நீக்க உட்கார்ந்தேன்; அதுவும் மயிலாடுதுறைக்கு. என் தாயார் தன் கணவரிடமிருந்து விலகி வாழ்வதற்கான ஒவ்வொரு அடிக்கும் அந்தக் கணவரின் கைபேசி ஒத்துழைக்க வேண்டியிருந்தது.

நான் அப்பாவை அழைப்பேன்.

“நம்பர் வந்துருக்காப்பா?”

“வந்துருக்கு. இத யார்கிட்டயும் பகிர வேண்டாம்னு போட்டிருக்கான்.”

“நான்தாம்பா கேட்கிறேன்.”

“அதான், யார்கிட்டயும்னு போட்டிருக்கானே.”

பிறகு கண்ணாடி தேடுவார். படிப்பார். கவுன்டரில் இருந்த பழக்கம், இரண்டாம் தடவையும் எண்ணுவார். அதற்குள் பத்து நிமிஷம் கடந்துவிடும். மறுபடி அனுப்பு, மறுபடி கண்ணாடி, மறுபடி எச்சரிக்கை. வாழ்நாளெல்லாம் வீட்டில் பேசாத மனிதர், மாதத்துக்கு மூன்று நாலு தடவை என்னிடம் ஆறு இலக்கமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் சாயங்காலம் எண்ணைச் சொல்லி முடித்தும் இணைப்பைத் துண்டிக்கவில்லை. “உங்கம்மா சாப்பிட்டாளா?” என்றார்.

நான் அப்படியே காரை எடுத்துக்கொண்டு 303-க்கு ஓடினேன். என் மனசில் பின்னணி இசையே கேட்டது. அம்மா வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தாள். மூச்சு வாங்கச் சொன்னேன்.

“நம்பர் சொன்னாங்களா?”

“சொன்னாரும்மா. ஆனா...”

“அது போதும். பரிமாறினப்ப கேட்டிருந்தா பதில் சொல்லியிருப்பேன். கையில எண்ணெயத் தடவிக்கிட்டு உக்காரு, இதுல பாதிய ஆயி.”

நான் ஆய்ந்த பாதியில் நரம்பு எடுபடவில்லை. பொரியலைச் சாப்பிட்டபோது தெரிந்தது.

கால் டாக்சி விஷயத்திலும் இதே கூத்து. அம்மா பஸ்ஸில் அல்லாடக் கூடாது என்று என் கைபேசியிலிருந்து வண்டி பதிவு செய்வேன். ஏறியதும் ஓட்டுநர் ஓ.டி.பி. கேட்பார். அது என்னிடம் இருக்கும். நான் மீட்டிங்கில் இருப்பேன். ஒரு தடவை கூட்ரோட்டில் இருபது நிமிஷம் அவரும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். பிறகு அம்மா முன்பக்கம் ரோஸ் அடித்த பஸ்ஸில் ஏறி வந்துவிட்டாள். சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு 2021-லிருந்தே டிக்கெட் இல்லை. “நம்பரும் கேக்கல, காசும் கேக்கல” என்று அவள் சொன்ன தொனியில், நான் அந்த இரண்டையும் கேட்கிறவன் என்பது அடங்கியிருந்தது.

இத்தனைக்கும் வழி எவ்வளவு எளிது என்பதை இங்கே எழுதக் கை கூசுகிறது. ஆதாரில் கைபேசி எண்ணை மாற்ற ஓ.டி.பி. வேண்டாம். எந்தக் காகிதமும் வேண்டாம். ஆதார் மையத்துக்கு ஆளே நேரில் போய் விரல் வைத்தால் போதும். அப்போது கட்டணம் 50 ரூபாய். 14 மாதம் கழித்து இதை அம்மாவுக்குச் சொன்னவர் வாசலில் பூ விற்கும் அம்மா. கணினியில் பட்டம் வாங்கிய நான் அல்ல. தெரியாது என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். பாதிதான் உண்மை. தேடியிருந்தால் இரண்டு நிமிஷத்தில் கிடைத்திருக்கும். தேடவில்லை. அந்த ஆறு இலக்கம் போய்வரும்வரை இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஏதோ ஒரு கம்பி அறுபடாமல் கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டேனோ என்னவோ.

மையத்துக்குப் போனோம். அம்மாவின் விரல் ரேகை பதியவில்லை. பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தார்கள். “பாத்திரம் தேய்ச்சு தேய்ஞ்சிருக்கும்மா” என்றாள் அங்கிருந்த பெண். கடைசியில் கண்ணைப் படம் பிடித்தார்கள், வேலை முடிந்தது.

பத்து நாள் கழித்து அப்பா அவராகவே அழைத்தார். “என்னப்பா, நம்பரே வர்றதில்ல?” மாத்திட்டோம்பா என்றேன். “சரி” என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் நானே அழைக்க ஆரம்பித்தேன். படிப்பதற்கு எண் இல்லாததால் இருவரும் திணறுகிறோம்.

ஆதார் சரியான பிறகுதான் ரேஷன் கார்டு நகர்ந்தது. பழைய கார்டிலிருந்து பெயரை நீக்கி, தனிக் கார்டு. குடும்பத் தலைவர் என்ற இடத்தில் அம்மாவின் படம். உறுப்பினர் எண்ணிக்கை ஒன்று. “எனக்கு நானே தலைவி, எனக்கு நானே குடும்பம்” என்று மூன்று பேரிடம் காட்டினாள். ஆனால் 2023-இல் மகளிர் உரிமைத் தொகைக்கு முகாம் போட்டு விண்ணப்பம் வாங்கியபோது கார்டு கையில் இல்லை. வந்தபோது முகாம் முடிந்திருந்தது. மாதம் 1,000 ரூபாய் போனது என் சோம்பேறித்தனத்தால் என்று அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். எனவே செப்டம்பர் 2023-லிருந்து, அரசு எல்லோருக்கும் போடும் அதே 15-ஆம் தேதி, நானும் 1,000 ரூபாய் அனுப்புகிறேன். மகன் உரிமைத் தொகை என்று பெயர். இதற்கும் நிலுவை உண்டு.

பெரிய தோல்வியை நடுவில் எங்கேயாவது ஒளித்துவைக்கலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. குடிவந்த அன்றே குடியிருப்புச் சங்கச் செயலாளர் ஒரு படிவம் கொடுத்தார். ‘கணவர் பெயர்’ என்று ஒரு கட்டம். நான் அப்பாவின் பெயரை எழுதினேன். “சார் வரலியா?” என்றார். “ஊர்ல நிலம் இருக்கு, அறுவடை முடிச்சுட்டு வருவார்” என்று என் வாய் சொல்லிவிட்டது. எங்களுக்கு நிலம் என்பது கொல்லையில் நாலு வாழை. செயலாளரின் சொந்த ஊர் நீடாமங்கலம் என்று எனக்கு எப்படித் தெரியும்? “குறுவையா? இந்த வருஷம் மேட்டூரை மே 24-லேயே தொறந்துட்டாங்களே, நல்லா வந்திருக்குமே” என்று ஆரம்பித்தார். அதன் பிறகு பார்க்கும்போதெல்லாம் மகசூல் விசாரிப்பார். மூட்டை விலை தெரிந்துகொள்ள நான் செய்தித்தாளில் விவசாயப் பக்கம் படிக்கத் தொடங்கினேன். புரட்டாசி மழையில் எங்கள் கற்பனை நெல் நனைந்தபோது எனக்கு உண்மையாகவே கவலையாக இருந்தது.

மனைவிக்கு என் பொய் தெரியாது. அவள் தன் பங்குக்கு 304 ஆன்ட்டியிடம், “மாமாவுக்கு முழங்கால் வலி, மாடி ஏற முடியாது” என்று சொல்லியிருந்தாள். லிஃப்ட் உள்ள கட்டடத்தில். எட்டு வயது மகள் மட்டும் விளையாடும் பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்லியிருக்கிறாள்: “எங்க தாத்தா ஊர்லேர்ந்து ஃபோன்ல நம்பர் சொல்லுவார்.”

அந்த வருஷ நவராத்திரிக்கு 304-இல் கொலு. அம்மாவைத் தாம்பூலத்துக்கு அழைத்தார்கள். நான் வேர்த்துப்போனேன். தாலியை அம்மா தீர்ப்பு வந்த அன்றே அம்மன் கோயில் உண்டியலில் போட்டுவிட்டாள். சுமங்கலிக்கென்று வெற்றிலை பாக்கு நீட்டுகிற இடத்தில் என்ன ஆகுமோ? ஜுரம் என்று சொல்லிவிடலாமா, எங்கள் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விடலாமா என்றெல்லாம் யோசித்து, எதையும் செய்யாமல், எட்டு மணிக்கு 303-இல் போய் உட்கார்ந்திருந்தேன். அம்மா கையில் தொன்னையோடு வந்தாள்.

“உங்கப்பா அறுவடை பண்றாராமே? முழங்கால் வலியோட?”

நான் விட்டத்தைப் பார்த்தேன். அடுக்குமாடியில் விட்டம் கிடையாது.

“எனக்கு விவாகரத்து ஆயிடுச்சுன்னு சொன்னேன்.”

“அய்யோ. என்ன சொன்னாங்க?”

“அப்படியான்னாங்க. வெத்தல பாக்கு குடுத்தாங்க. சுண்டல் இன்னும் ஒரு கரண்டி போட்டாங்க.”

நாலு மாதமாக நான் ஏர் ஓட்டிக் காப்பாற்றிய விஷயம் ஒரு கரண்டி கொண்டைக்கடலைச் சுண்டலில் முடிந்துபோனது. கூச்சம் அம்மாவுடையது அல்ல, என்னுடையது. அவளைப் பாதுகாப்பதாகச் சொல்லிக்கொண்டு அதை அவள் வீட்டுப் பரணில் ஏற்றி வைத்திருந்தேன். செயலாளரிடம் போய் நெல் விஷயத்தை ஒப்புக்கொண்டேன். “தெரியும் சார். புரட்டாசியில சம்பாவை அறுக்கிறோம்னு சொன்னீங்களே, அப்பவே தெரியும்” என்றார். சம்பா தையில்தான் அறுப்பு.

பிறகு நடந்தது நான் எந்த வரியிலும் எழுதாதது. பெண்கள் அம்மாவைத் தேடி வர ஆரம்பித்தார்கள். ஒருத்திக்குத் தங்கை விஷயம், ஒருத்திக்கு மகள் விஷயம், ஒருத்தி யார் விஷயம் என்று சொல்லவில்லை. அம்மா காபி கலந்து கொடுத்து விளக்குவாள்: இந்து திருமணச் சட்டத்தில் 13பி என்று ஒன்று, ரெண்டு பேரும் சம்மதித்தால்தான், ஒரு வருஷமாவது பிரிந்திருக்க வேண்டும், மனுப் போட்டபின் ஆறு மாசம் காத்திருக்கச் சொல்வார்கள், அந்த ஆறு மாசம் கட்டாயமில்லை, நிலைமையைப் பார்த்துத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. “எனக்கும் வக்கீல் கேட்டாரு, சீக்கிரம் வேணுமான்னு. முப்பத்தெட்டு வருஷத்துல ஆறு மாசம் என்ன கணக்குன்னு விட்டுட்டேன்.” கடைசியில் கட்டாயம் ஒன்று சேர்ப்பாள்: “எதுக்கும் மொதல்ல ஆதார்ல உங்க நம்பர் இருக்கான்னு பாத்துக்குங்க.”

கடைசித் தோல்வி போன மாதம். குடியிருப்பின் வாசலில் ஒரு செயலி வைத்திருக்கிறார்கள். யார் வந்தாலும் வீட்டுக்காரர் கைபேசிக்குக் கேள்வி வரும். அனுமதித்தால்தான் உள்ளே விடுவார்கள். 303-க்கு என் எண்ணைத்தான் நான் கொடுத்திருந்தேன். அம்மாவுக்குத் தொந்தரவு வேண்டாமே என்று. பூக்கார அம்மா, கீரைக்காரர், சித்தி என்று யார் வந்தாலும் எனக்கு மணி அடிக்கும். மீட்டிங்கில் இருந்தால் ‘நிராகரி’ என்பதைத் தட்டிவிடுவேன். குத்தாலத்திலிருந்து சோழன் எக்ஸ்பிரஸ் பிடித்து வந்த சித்தியை வாசலிலேயே திருப்பி அனுப்பியது அந்த வகையில்தான். அம்மா கத்தவில்லை. செயலாளர் வீட்டுக்குப் போய் எண்ணை மாற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

போன ஞாயிறு பத்து கிலோ அரிசி மூட்டையோடு போனேன். வாசலில் புதுக் காவலாளி. எந்த வீடு என்றார். அம்மா வீடு என்றேன். நம்பர் சொல்லுங்க என்றார். 303. தட்டினார், காத்திருந்தோம். மொட்டை மாடியில் வடாம் காயப்போட்டுக்கொண்டிருந்தாளாம். ஏழு நிமிஷம் கழித்து அனுமதி வந்தது. மூட்டையைத் தூக்கும்போது எட்டிப் பார்த்தேன். என் பெயருக்கு எதிரே காவலாளி போட்டிருந்தது: டெலிவரி.